10022: எந்த அளவுரு தவறு என்று சொல்லாத பிழை

விண்டோஸில் வலைப்பின்னல் வேலைகளைச் செய்துதரும் விண்சாக் நூலகத்தில் 10022 என்ற எண் வந்தால் ‘செல்லாத அளவுரு’ என்று பொருள், அதாவது அழைப்புக்குக் கொடுத்த மதிப்புகளில் ஒன்று தவறு. ஏழு, எட்டு அளவுருக்களை வாங்கிக்கொள்ளும் ஓர் அழைப்பு இந்த ஒற்றை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு நின்றுவிடும். எட்டில் எது? மதிப்பா, நீளமா, நினைவக இடத்தைக் காட்டும் பாயின்டரா? சில நேரம் எட்டில் எதுவுமே இல்லை. அழைத்த நேரத்தில் சாக்கெட் (இணைப்பின் நம் பக்க முனை) இருந்த நிலைதான் தவறாக இருக்கும். பழைய ரிலே நிரல் ஒன்றைப் புதுப்பித்தபோது இதன் எல்லா வகைகளையும் பார்த்துவிட்டேன். இதே வேலையில் இறங்குபவருக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நிரல் சி++இல் எழுதியது. வெளியிலிருந்து வரும் டிசிபி இணைப்பை ஏற்கும், உள்ளே இருக்கும் சேவையகத்துக்கு இன்னோர் இணைப்பைத் திறக்கும், இரு பக்கமும் பைட்டுகளைக் கடத்தும். கூடவே கருவிகள் அனுப்பும் நிலைச் செய்திகளை யுடிபியில் வாங்கும். எல்லாம் ஒரே கம்ப்ளீஷன் போர்ட்டைச் சுற்றி ஓடுகிறது, முடிந்த செயல்பாடுகளின் அறிவிப்புகள் வந்து சேரும் வரிசை அது. பழைய வடிவம் 32 பிட், ஐபிவி4 மட்டும். அதை 64 பிட்டுக்கும் ஐபிவி6க்கும் கொண்டுபோக வேண்டும். உள்ளே போகும் இணைப்புக்குத் தனித் த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) கனெக்ட் அழைத்துக் காத்திருப்பதையும் நிறுத்தி, காத்திருக்காமல் இணைப்பைத் தொடங்கும் கனெக்ட்எக்ஸுக்கு மாற்ற வேண்டும். வேலை இவ்வளவுதான்.

பதிவேட்டில் 183

முதலில் கண்ணில் பட்ட எண் 10022 இல்லை, 183. ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று அதற்குப் பொருள். வலைப்பின்னல் அழைப்பு ஒன்று எதற்காக இப்படிச் சொல்ல வேண்டும்?

விடை, பதிவு எழுதும் செயற்கூறில் இருந்தது. அழைப்பு தோற்றதும் நிரல் அந்தச் செயற்கூறைக் கூப்பிடுகிறது. அது பதிவுக் கோப்பை ‘இருந்தால் திற, இல்லாவிட்டால் உருவாக்கு’ என்ற முறையில் திறக்கிறது. கோப்பு முன்பே இருந்தால், திறப்பது வெற்றியடைந்தாலும் கிரியேட்ஃபைல் கடைசிப் பிழை எண்ணை 183 என்று மாற்றிவைக்கும். அந்த எண்ணைக் கேட்கும் டபிள்யூஎஸ்ஏகெட்லாஸ்ட்எரர் அழைக்கப்பட்டது இதற்கெல்லாம் பிறகு. ஒரு த்ரெட்டுக்குக் கடைசிப் பிழை எண் ஒன்றே ஒன்றுதான். நடுவில் யார் எதைச் செய்தாலும் அது மாறிவிடும்.

அதனால் முதல் திருத்தம் வலைப்பின்னல் பகுதியில் நடக்கவே இல்லை. அழைப்புக்கு அடுத்த வரியிலேயே பிழை எண்ணை ஒரு மாறியில் எடுத்துவைத்தேன், அதற்குப் பிறகுதான் மற்ற எதுவும். அதே இடத்தில் 997ஐயும் பிரித்தேன். ‘வேலை தொடங்கியிருக்கிறது, இன்னும் முடியவில்லை’ என்பதுதான் 997. ஒத்திசையாத அழைப்புகளில், அதாவது வேலை முடியும்வரை காத்திராமல் உடனே திரும்பும் அழைப்புகளில், பெரும்பாலும் வர வேண்டிய எண்ணே அதுதான். பழைய பதிவேட்டில் அதுவும் பிழைகளின் வரிசையில் ஏறி, உண்மையான பிழைகளை மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

கனெக்ட்எக்ஸ்: ஏழும் சரி, ஆனாலும் 10022

பதிவேடு சுத்தமான பிறகு 10022 வெளியே வந்தது. கனெக்ட்எக்ஸுக்கு ஏழு அளவுருக்கள். ஒவ்வொன்றாக, வழு தேடும் கருவியான டீபகரில் பார்த்தேன். சாக்கெட் சரி. முகவரி சரி, அது ஐபிவி4ஆ ஐபிவி6ஆ என்று சொல்லும் குடும்ப எண் 23, விண்டோஸில் ஐபிவி6க்கு அதுதான் எண். நீளம் 28, சரி. அனுப்பும் பஃபர் (தரவு வைக்கும் நினைவக இடம்) வெறுமை, நீளம் பூஜ்ஜியம், இரண்டும் அனுமதிக்கப்பட்டவை. ஒத்திசையாத செயல்பாட்டின் நிலையை வைத்திருக்கும் ஓவர்லாப்ட் கட்டமைப்பு முழுவதும் பூஜ்ஜியமாக்கப்பட்டிருக்கிறது. குறை சொல்ல எதுவும் இல்லை.

சாதாரண கனெக்ட், சாக்கெட் எந்த உள்ளூர் முகவரியோடும் பைண்ட் ஆகாமல், அதாவது பிணைக்கப்படாமல் இருந்தால் அதைத் தானே செய்துகொள்ளும். கனெக்ட்எக்ஸ் செய்யாது. முன்பே பைண்ட் ஆன சாக்கெட்டைத்தான் ஏற்கும், இல்லாவிட்டால் 10022. ஆவணத்தில் இது எழுதியிருக்கிறது. ஆனால் கனெக்டை எடுத்துவிட்டுக் கனெக்ட்எக்ஸைப் போடுபவர் பழைய வரிசையை மனத்தில் வைத்துத்தான் எழுதுவார். அந்த வரிசையில் வாடிக்கையாளர் பக்கம் பைண்ட் என்ற படியே கிடையாது.

இதைச் சோதிக்க எளிய வழி, சாக்கெட்டின் உள்ளூர் முகவரியைக் கேட்கும் கெட்சாக்நேம். பைண்ட் ஆகாத சாக்கெட்டில் அழைத்தால் அதுவும் 10022 என்றே சொல்லும். கனெக்ட்எக்ஸுக்கு முந்தைய வரியில் கெட்சாக்நேமைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் தோற்றது. சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

திருத்தத்திலும் ஒரு வளைவு. நிரலில் ‘எந்த முகவரியும், போர்ட் 0’ என்று பைண்ட் செய்யும் துணைச் செயற்கூறு ஏற்கெனவே இருந்தது. அதை அழைத்ததும் இந்த முறை பைண்டிடமிருந்து 10014 வந்தது. அந்தச் செயற்கூறு ஐபிவி4 கட்டமைப்பைக் கொடுக்கிறது, நீளம் 16. ஐபிவி6 சாக்கெட்டுக்கு 28 பைட் வேண்டும். 10014ஐப் பலரும் ‘தவறான பாயின்டர்’ என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முகவரியின் நீளம் போதாவிட்டாலும், முகவரிக் குடும்பம் பொருந்தாவிட்டாலும் பைண்ட் இதே எண்ணைத்தான் தரும். குடும்பத்துக்கு ஏற்ற கட்டமைப்பை முழுவதும் பூஜ்ஜியமாக்கி, குடும்ப எண்ணை மட்டும் எழுதி பைண்ட் செய்தேன். கனெக்ட்எக்ஸ் 997 தந்தது. அந்த எண்ணைப் பார்த்து இவ்வளவு மகிழ்ச்சி வரும் என்று முன்பு நினைத்ததில்லை.

அக்செப்ட்எக்ஸ்: பிழை எண்ணே தராத பிழை

இந்தப் பதிவில் அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். 10022 வந்தால் நாம் அதிர்ஷ்டசாலிகள், தவறு நடந்தது என்றாவது தெரிகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்ட்எக்ஸில் ஓர் அளவுரு தவறாக இருந்தும் அழைப்பு வெற்றி என்று சொல்லிவிட்டு நினைவகத்தைக் கெடுக்க முடியும்.

அக்செப்ட்எக்ஸ் ஒரே பஃபரை மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறது. முதலில் வந்த தரவு, அதன் பின்னால் உள்ளூர் முகவரி, அதற்கும் பின்னால் எதிர்முனை முகவரி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் என்று மூன்று நீளங்களை நாம் சொல்கிறோம். பஃபரின் மொத்த அளவைச் சொல்ல அளவுருவே கிடையாது. மூன்றின் கூட்டுத்தொகைக்கு இடம் இருக்கிறது என்று நம்மை நம்பிவிடுகிறது. முகவரிக்கான நீளமோ முகவரிக் கட்டமைப்பின் அளவைவிடக் குறைந்தது 16 பைட் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக ஐபிவி4க்கு 16 கூட்டல் 16, மொத்தம் 32. ஐபிவி6க்கு 28 கூட்டல் 16, மொத்தம் 44.

பழைய நிரலில் 4096 பைட் பஃபர். தரவு நீளம் என்ற இடத்திலும் 4096. முகவரி நீளங்கள் 32, 32. அதாவது பஃபரின் எல்லைக்கு வெளியே 64 பைட் எழுதப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை காலம் எப்படி ஓடியது? கட்டமைப்பில் பஃபருக்கு அடுத்து, யாரும் பயன்படுத்தாத ஒரு வரிசை இருந்தது. எழுத்து அதில் விழுந்து யாருக்கும் தெரியாமல் போனது. புதுப்பிக்கும்போது அந்த வரிசை நீக்கப்பட்டது, அதே இடத்துக்கு ஓவர்லாப்ட் கட்டமைப்பு வந்தது. இப்போது முகவரி அதன் மேலே எழுதப்பட்டது. நிரல் விழுந்த இடத்துக்கும் அக்செப்ட்எக்ஸுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கம்ப்ளீஷன் போர்ட்டிலிருந்து எடுத்த பிறகு, முற்றிலும் வேறொரு செயற்கூறில் விழுந்தது.

இதைப் பிடிக்க உதவியது ஓர் எளிய ஏற்பாடு. சோதனைக்காகத் தொகுத்த நிரலில் மட்டும் பஃபரை விர்ச்சுவல்அலாக் மூலம் ஒதுக்கினேன். பஃபரின் கடைசி பைட் ஒரு நினைவகப் பக்கத்தின் முடிவில் வரும்படி வைத்து, அடுத்த பக்கத்தை யாரும் தொடக்கூடாது என்று பூட்டினேன். கூட்டுத்தொகை எல்லை மீறியதும் நினைவகம் கெடுவதற்கு முன் அழைப்பே பிழையோடு திரும்பியது. ‘எங்கோ, எப்போதோ விழுகிறது’ என்றிருந்த வழு, ஒரு குறிப்பிட்ட வரிக்கு வந்து நின்றது.

முகவரி நீளத்துக்குக் குடும்பத்தைப் பார்த்து 32, 44 என்று பிரிப்பதைவிட, எந்தக் குடும்பத்துக்கும் போதுமான பொது முகவரிக் கட்டமைப்பின் 128 பைட்டோடு 16 கூட்டி 144 என்று வைத்துவிட்டேன். இரண்டு முகவரிக்கும் சேர்த்து 288 பைட். ஓர் இணைப்புக்கு இது பெரிய செலவில்லை. பின்னால் முகவரிகளைப் பிரித்தெடுக்கும் கெட்அக்செப்ட்எக்ஸ்சாக்அட்ரஸுக்கும் இதே மூன்று எண்களைக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றி மறு இடத்தில் மறந்தால் முகவரி குப்பையாக வரும், பிழை எண் வராது. எனவே மூன்றையும் மாறிலிகளாக ஒரே இடத்தில் வைத்தேன்.

பிறகு தரவு நீளத்தையே பூஜ்ஜியமாக்கினேன். இது நினைவகத்துக்காகச் செய்ததல்ல. அந்த நீளம் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால், எதிர்முனையிலிருந்து முதல் பைட் வரும்வரை அக்செப்ட்எக்ஸ் முடியாது. இணைப்பு வந்துவிட்டது என்பதே நிரலுக்குத் தெரியாது. எஸ்எம்டிபி போல சேவையகம் முதலில் பேசும் நெறிமுறையை இந்த ரிலே வழியாக விட்டால், வாடிக்கையாளர் வரவேற்பு வரிக்காகக் காத்திருப்பார், ரிலே வாடிக்கையாளரின் முதல் பைட்டுக்காகக் காத்திருக்கும். இரண்டும் அப்படியே நிற்கும். விதிகளின்படி அந்த அளவுரு சரியானது. நம் தேவைக்குத்தான் தவறு. இப்படிப்பட்டதை எந்தச் சோதனைக் கருவியும் சொல்லித் தராது. ஒவ்வோர் அளவுருவும் அழைப்பு எப்போது முடியும் என்பதை எப்படி மாற்றுகிறது என்று படித்துத்தான் ஆக வேண்டும்.

இணைப்பு வந்த பிறகு இன்னொரு படி உண்டு. ஏற்ற சாக்கெட்டில் எஸ்ஓ_அப்டேட்_அக்செப்ட்_கான்டெக்ஸ்ட் விருப்பத்தை, புது இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் ‘கேட்கும்’ சாக்கெட்டின் கைப்பிடியை (நிரல் அதைக் குறிக்கும் எண்) மதிப்பாகக் கொடுத்து அமைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஐபிவி6 பாதையில் இந்தப் படி இல்லை. தரவு போய் வந்துகொண்டிருந்தது, ஆனால் எதிர்முனையின் முகவரியைக் கேட்கும் கெட்பியர்நேம் 10057, அதாவது ‘இணைப்பு இல்லை’ என்றது. பைட்டுகளைக் கடத்தும் சாக்கெட் இணைப்பே இல்லை என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வரும். ஷட்டவுனும் இதே காரணத்தால் தோற்கும். கனெக்ட்எக்ஸ் பக்கம் இதற்கு இணையானது எஸ்ஓ_அப்டேட்_கனெக்ட்_கான்டெக்ஸ்ட், அதற்கு மதிப்பு எதுவும் வேண்டாம். இரண்டையும், நிறைவுச் செய்தி வந்ததும் செய்யும் முதல் வேலையாக்கிவிட்டேன்.

யுடிபி பக்கம்: நீளத்துக்கும் ஆயுள் உண்டு

யுடிபி செய்தியை வாங்கும் டபிள்யூஎஸ்ஏரிசீவ்ஃப்ரம், அனுப்பியவரின் முகவரியை எழுத ஓரிடமும், அந்த முகவரியின் நீளத்துக்கு ஒரு பாயின்டரும் கேட்கும். நீளம் உள்ளே போவது, வெளியே வருவது என இரண்டுக்கும் பயன்படுகிறது. ஐபிவி6க்கு மாறியதும் 10014 வந்தது. நீளம் 16 என்றே இருந்தது, 28 தேவை. இதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை.

அடுத்துக் கண்டதுதான் ஆபத்தானது. அந்த நீளம் செயற்கூறின் உள்ளே ஒரு சாதாரண மாறி, செயற்கூறு முடிந்ததும் விடுவிக்கப்படும் ஸ்டாக் நினைவகத்தில் இருந்தது. அழைப்பு 997 சொல்லித் திரும்பியதும் செயற்கூறு முடிந்துவிடுகிறது, அந்த இடம் வேறு செயற்கூறுக்குப் போய்விடுகிறது. பாக்கெட் வந்து சேரும்போது நீளம் பழைய இடத்திலேயே எழுதப்படும். ஒத்திசையாத அழைப்புக்குக் கொடுத்த நினைவகம் இரவல் கொடுத்த பாத்திரம் மாதிரி, திரும்பி வரும்வரை அதில் நாம் எதையும் வைக்க முடியாது. முகவரி, நீளம், தரவு பஃபர், ஓவர்லாப்ட் எல்லாவற்றையும் ஒரே செயல்பாட்டுக் கட்டமைப்பில், நாமே விடுவிக்கும்வரை நிலைக்கும் ஹீப் நினைவகத்தில் வைத்தேன். ஒவ்வொரு முறை அழைக்கும் முன்பும் நீளத்தைத் திரும்ப முழு அளவுக்கு அமைக்கிறேன்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் எல்லாவற்றையும் ஹீப்புக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பஃபரின் நீளத்தையும் இருப்பிடத்தையும் சொல்லும் டபிள்யூஎஸ்ஏபஃப் கட்டமைப்பு ஸ்டாக்கில் இருக்கலாம். அழைப்பு திரும்புவதற்குள் விண்சாக் அதைப் படியெடுத்துக்கொள்ளும். அது சுட்டும் பஃபர்தான் உயிரோடு இருக்க வேண்டும்.

கொடிகள் பற்றியும் ஒரு வரி. டபிள்யூஎஸ்ஏசென்டில் கொடி நேரடி மதிப்பு, டபிள்யூஎஸ்ஏரிசீவில் அது பாயின்டர். அந்தப் பாயின்டர் காட்டும் மாறியில் பூஜ்ஜியம் எழுதாமல் விட்டால் அதில் கிடக்கும் குப்பை கொடியாகப் போகும். ‘ஆதரிக்கப்படாத செயல்பாடு’ என்னும் 10045 வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

87ம் மறுமுயற்சியும்

உள்ளே இருக்கும் சேவையகம் இறங்கியிருந்து திரும்ப எழும்போது மட்டும் 87 வந்தது. இதுவும் ‘செல்லாத அளவுரு’தான், ஆனால் விண்சாக்கின் எண் இல்லை, விண்டோஸின் பொது எண். எண்ணைப் பார்த்ததுமே தேட வேண்டிய இடம் சுருங்கியது. 10000க்கு மேலான எண் தராத அழைப்பு அந்தப் பாதையில் ஒன்றுதான் இருந்தது: கிரியேட்ஐஓகம்ப்ளீஷன்போர்ட்.

இணைப்பு மறுக்கப்பட்டால் அதே சாக்கெட்டில் கனெக்ட்எக்ஸை மறுபடி அழைக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. நிரலின் மறுமுயற்சிப் பாதை அதைத்தான் செய்தது. ஆனால் அழைப்பதற்கு முன் சாக்கெட்டைக் கம்ப்ளீஷன் போர்ட்டோடு மறுபடியும் இணைத்தது. ஒரு கைப்பிடியை ஒரு முறைதான் இணைக்க முடியும், மூடும்வரை அந்தத் தொடர்பு நீடிக்கும். அதே போர்ட்டோடு இரண்டாம் முறை இணைத்தாலும் 87தான். இங்கேயும் கொடுத்த மதிப்புகள் எல்லாம் சரி, சாக்கெட்டின் வரலாறுதான் பொருந்தவில்லை. ஓவர்லாப்ட் கொடி இல்லாமல் டபிள்யூஎஸ்ஏசாக்கெட்டில் உருவாக்கிய சாக்கெட்டை இணைக்க முயன்றாலும் இதே எண் வரும்.

இதைத் தேடும்போது அருகிலேயே இன்னொன்று அகப்பட்டது. போர்ட்டிலிருந்து நிறைவுச் செய்தியை எடுக்கும் கெட்கியூட்கம்ப்ளீஷன்ஸ்டேட்டஸின் மூன்றாவது அளவுரு, நிறைவுச் சாவியை (இணைக்கும்போது நாம் கொடுத்த அடையாளம்) எழுத ஓரிடம். 64 பிட்டில் அது 8 பைட். பழைய நிரல் 4 பைட் மாறியின் முகவரியைக் கட்டாய மாற்றம் (வேறு வகை என்று கம்பைலரை ஏற்கவைப்பது) செய்து கொடுத்திருந்தது. அந்தக் கட்டாய மாற்றம் மட்டும் இல்லாவிட்டால் கம்பைலரே இதைப் பிடித்திருக்கும். 32இலிருந்து 64க்குப் போகிறவர்கள், அழைப்புகளின் அடைப்புக்குள் இருக்கும் கட்டாய மாற்றங்கள் எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிட்டு, கம்பைலர் எங்கே கத்துகிறது என்று பாருங்கள். டீபகரில் உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

கெட்கியூட்கம்ப்ளீஷன்ஸ்டேட்டஸ் ‘பொய்’ என்ற மதிப்போடு திரும்பினால் ஓவர்லாப்ட் பாயின்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது வெறுமை என்றால் காத்திருந்த அழைப்பே தோற்றது. வெறுமை இல்லையென்றால் எப்போதோ தொடங்கிய செயல்பாடு ஒன்று தோல்வியில் முடிந்து வந்திருக்கிறது. இரண்டாவது வகையில் ஓவர்லாப்ட் கட்டமைப்பின் முதல் உறுப்பில் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் சொந்த நிலை எண் இருக்கும். அங்கே -1073741811 என்று பார்த்தால், அது கெர்னல் சொல்லும் ‘செல்லாத அளவுரு’.

இப்போது நிரலில் இருப்பது

எல்லா ஒத்திசையாத அழைப்புகளும் இப்போது ஒரு மெல்லிய உறை வழியாகப் போகின்றன. சோதனைக்காகத் தொகுத்த நிரலில் அந்த உறை, அழைப்புக்கு முன் சாக்கெட்டையே விசாரிக்கும். பைண்ட் ஆகியிருக்கிறதா என்று கெட்சாக்நேமிடமும், கேட்கும் நிலையில் இருக்கிறதா என்று எஸ்ஓ_அக்செப்ட்கான் விருப்பத்திடமும், எந்தக் குடும்பம் என்று எஸ்ஓ_புரோட்டோகால்_இன்ஃபோவிடமும் கேட்கும். ஒவ்வொரு செயல்பாட்டுக் கட்டமைப்பிலும் ‘நிலுவையில்’ என்ற கொடி இருக்கிறது. நிலுவையில் உள்ள கட்டமைப்பை மறுபடி பயன்படுத்த யாராவது முயன்றால் நிரல் அங்கேயே நிற்கும். அழைப்பு தோற்றால் அளவுருக்களும் இந்த நிலைகளும் ஒரே வரியில் பதிவாகும். 10022 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘பைண்ட் ஆகவில்லை’ என்று எழுதியிருந்தால், தேடல் பதிவேட்டிலேயே முடிந்துவிடும்.

லினக்ஸ் வடிவத்தை ஐஓ_யூரிங்கில் தொடங்கியிருக்கிறேன். ஒத்திசையாத அழைப்புகளுக்காக 2019இல் 5.1 கெர்னலோடு வந்த வசதி அது. அங்கே அளவுருக்கள் தனித்தனியாகப் போவதில்லை. ஒரு கோரிக்கைப் பதிவில் நிரப்பி வரிசையில் வைக்கிறோம். தவறு இருந்தால் பின்னால் வரும் நிறைவுப் பதிவில், லினக்ஸின் ‘செல்லாத அளவுரு’ எண் -22 என்று எதிர்ம எண்ணாக வரும். கோரிக்கைப் பதிவுகள் சுற்றிச் சுற்றிப் பயன்படுவதால் முந்தைய செயல்பாட்டின் மதிப்புகள் அதில் தங்கியிருக்கும். நாம் பயன்படுத்தாத புலத்தில் எது கிடந்தாலும் பரவாயில்லை என்று நினைப்போம், கெர்னல் அப்படி நினைப்பதில்லை. அக்செப்ட் கோரிக்கையில் நீளப் புலம் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் -22தான். பதிவை நேரடியாக நிரப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் முழுவதையும் பூஜ்ஜியமாக்க வேண்டும். லிப்யூரிங் நூலகத்தின் தயார்ச் செயற்கூறுகளைப் பயன்படுத்தினால் அவையே புலங்களைச் சரியாக அமைத்துவிடும். நான் இரண்டாவது வழிக்கு மாறிவிட்டேன். உறையின் விசாரணைப் பகுதியில் கெட்சாக்நேமும் எஸ்ஓ_அக்செப்ட்கானும் அங்கேயும் உண்டு. குடும்பத்தைக் கேட்கும் விருப்பத்தின் பெயர் மட்டும் எஸ்ஓ_டொமைன், ஐபிவி6க்கு அது தரும் எண் 10.